கணக்கும் பயமும்

அன்புள்ள மகளுக்கு,

போனில் கேட்டாயே, "இந்த வயசு வரைக்கும் யார் பேச்சைக் கேட்டே, யார் பேச்சைத் தட்டினே?" என்று. யோசித்துப் பார்த்தேன். எனக்கு வந்த அறிவுரையில் பாதி கணக்கு, பாதி பயம். கணக்கைக் கேட்டேன், பயத்தைக் கேட்கவில்லை. பெரும்பாலும் அப்படித்தான் போனது.

முதல் சம்பளத்திலிருந்தே கொஞ்சம் எடுத்து வை என்றார் உன் தாத்தா. எதற்கு அவசரம் என்றேன். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பார், பணம் இரட்டிக்க எத்தனை வருடம் என்று தெரியும் என்றார். 8 சதவீதக் கூட்டு வட்டி என்றால் 9 வருடத்தில் பணம் ஏறக்குறைய இரட்டிக்கும். 25 வயதில் போட்டது 61 வயதில் 16 மடங்கு. அதையே 34 வயதில் போட்டால் 8 மடங்குதான். ஒன்பது வருடம் தள்ளிப்போட்டால் கடைசியில் பாதி போச்சு. விலைவாசி அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அது வேறு. சிக்கனமாக இரு என்று மட்டும் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்.

உடம்பு விஷயமும் அப்படியே. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. நடந்தால் மட்டும் போதாது, எடையும் தூக்குங்கள் என்றார் ஒரு டாக்டர். "இந்த வயசுல பயில்வான் ஆகப் போறியா?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். நாற்காலியிலிருந்து இன்றும் கை ஊன்றாமல் எழுகிறேன்.

புகைப்பதை விடச் சொல்லி உன் தம்பியிடமும் கொஞ்சம் சொல். நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். பிரிட்டனில் 1951-இல் தொடங்கி ஐம்பது வருடம் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள். புகையை 40 வயதில் விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிடச் சுமார் 9 வருட ஆயுள் கூடுதல், 50 வயதில் விட்டவர்களுக்கு 6, அறுபதில் விட்டவர்களுக்கும் 3. திட்ட வேண்டாம், எண்ணை மட்டும் சொல்.

இனி, கேட்காதவை. கல்யாணத்துக்கு அப்புறம் தனியாக ஒரு வங்கிக் கணக்கு எதற்கு, வீட்டில் வீண் சந்தேகம் வரும் என்றார் உன் பெரிய பாட்டி. அவர் காலத்தில் கணவனின் கோபத்துக்குப் பயந்து வாழ்ந்தார். அந்தப் பயத்தை எனக்கும் பத்திரமாகக் கொடுக்கப் பார்த்தார். பாசம்தான், சந்தேகமில்லை. கணக்கைத் தொடங்கினேன், உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் சரி என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

கேட்டதால் வலித்த அறிவுரையும் ஒன்று உண்டு. யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்பது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும். நட்புக்காகப் போடும் கையெழுத்து என்று வங்கி பார்க்காது. நெருங்கிய சொந்தத்தில் ஒருவர் கேட்டு வந்தார். கையெழுத்து முடியாது, என்னால் முடிந்த தொகையைத் தருகிறேன், திருப்பித் தர வேண்டாம் என்றேன். பணத்தையும் வாங்கவில்லை, வெகுகாலம் பேசவும் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் நல்ல அறிவுரையைக் கேட்டால் எல்லாம் சுகமாக முடியும் என்று நினைத்துவிடாதே.

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. அது என் பயம், அதற்கு நீ காது கொடுக்க வேண்டியதில்லை. மாதச் செலவு எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், கடன் தவணை என்ன, இன்ஷூரன்ஸ் வேலையோடு சேர்ந்து போய்விடுமா, இதையெல்லாம் எழுதி அனுப்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா