மூன்று பாத்ரூம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. லிஃப்ட் நாலு நாளாக ஓடவில்லை, ஆறு மாடி இறங்கி ஏற அவளால் முடியாது, அதனால் காய்கறி பால் எல்லாம் நான்தான். தம்பி துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேசுகிறான். பேரன் எப்படி இருக்கிறான்? இருமல் விட்டதா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனதற்கு அப்புறம் நீ சரியாகப் பேசவில்லை. பகலில் கூப்பிட்டால் மீட்டிங் என்கிறாய், ராத்திரி கூப்பிட்டால் பையன் தூங்குகிறான் என்கிறாய். வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா. ஆனால் முன்பெல்லாம் மீட்டிங் இருந்தாலும் நீயே திரும்பக் கூப்பிடுவாய். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போட்டுவிட்டு நீ பார்த்தாயா என்று டிக்கையே பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியும், என்ன எழுதுகிறேன் என்று தெரியாது.

வீட்டு விஷயம்தான். கல்யாண் ஷீல் ரோட்டில் நீ புக்கிங் போட்டிருக்கிற வீட்டைப் பற்றி நான் அன்று பேசியது போதாது என்று நினைக்கிறேன், அல்லது அதிகமாகப் பேசிவிட்டேன். எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

எதிர் வீட்டுப் பையன் மொபைலில் போட்டுக் காட்டினான், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 90 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 15 வருஷம் என்றால் மாதத் தவணை 88,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது வங்கிக்குப் போயிருப்பது 1 கோடியே 59 லட்சம். வட்டி மட்டும் 69 லட்சம். உனக்கு இப்போது 44, முடியும்போது 59. மாப்பிள்ளைக்கு 62. நடுவில் பேரன் காலேஜ் வரும். இரண்டு பேர் சம்பளமும் 15 வருஷம் ஒரு மாதம் தவறாமல் வர வேண்டும். ஐ.டி. கம்பெனிகளில் ஆளை எடுப்பதையும் அனுப்புவதையும் தினம் பேப்பரில் படிக்கிறேன். உன் கம்பெனியைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இரண்டு பெட்ரூம் போதாதா? மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்த மூன்றாவது ரூம் எங்களுக்கு என்று நினைத்து எடுக்கிறாய் என்றால் வேண்டாம்மா. பேரன் போனில் பிளானைக் காட்டி ஓரத்து ரூமில் விரலை வைத்து "தாத்தா, இது உங்க ரூம்" என்றான். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆனால் எங்கள் ஒரு கட்டிலுக்காக 25, 30 லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கினால் அந்தக் கட்டிலில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்னொன்று. கட்டிக்கொண்டிருக்கிற கட்டிடத்தில் எடுத்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. உன் வீட்டு விலை 1 கோடியே 20 லட்சத்துக்கு அதுவே 6 லட்சம். குடியேறலாம் என்கிற ஓ.சி. சான்றிதழ் வாங்கி முடித்த கட்டிடம் என்றால் அது கிடையாது. பத்திரத்தை உன் பேரில் எழுதினால் ஸ்டாம்ப் டூட்டியில் பெண்களுக்கு 1 சதவீதம் குறைவு, விசாரித்துக்கொள். கட்டிடத் திட்டங்களைப் பதிவு செய்கிற ரெராவின் நம்பரை நீயே அந்த வெப்சைட்டில் போட்டுப் பார், புரோக்கர் பார்த்துச் சொன்னது போதாது. 890 அடி என்றாயே, அது ரெரா சொல்கிற கார்பெட், அதாவது வீட்டின் உள் அளவுதானே? வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரக் கூடாது. முன்பு மாடிப்படி, லிஃப்ட் எல்லாவற்றையும் கூட்டி ஒரு நம்பரைச் சொல்லி விற்பார்கள், 2016 சட்டத்துக்கு அப்புறம்தான் அது நின்றது. நீ படித்தவள், இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். இரண்டு பெட்ரூம் போதும் என்பதையும் சொல்கிறேன்.

30 லட்சம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் இல்லையா. அது எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள், சேர்த்து வைத்திருப்பீர்கள்.

நீ வந்த அன்று கையில் ஒன்றும் இல்லாமல் வந்தாய். லோக்கல் ரயிலில் வருகிறவள் நகை போடாமல் வருவது நல்லதுதான், நானே உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் தீபாவளிக்கு நீங்கள் மாப்பிள்ளை காரில் அல்லவா வந்தீர்கள். சரி, அதை விடு.

ஒரு விஷயம் சொல்கிறேன், நம் சங்கத்தில் கேட்டுப் பார். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், ஒற்றை அறையில் படித்த என் மகள் 22வது மாடியில் வீடு எடுக்கிறாள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. பிள்ளையார் கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. வர்லி பி.டி.டி. சால் என்கிற பழைய குடியிருப்பில் 160 அடியில் இருந்தவர்களுக்கு 500 அடி வீட்டுச் சாவி கொடுத்ததை 2025 ஆகஸ்டில் டிவியில் காட்டினார்கள், நம் பக்கமும் 350 அடி தருவோம் என்று பேச்சு நடக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என் மகள் யார் கொடுத்தும் வாங்கலை, அவளே வாங்குறா" என்றாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அப்படிப் பெருமைப்படுகிறவர்கள் அன்று ஏன் அப்படிப் பேசினோம் என்று நீ நினைக்கலாம். அம்மா பேசவில்லை, நான்தான் பேசினேன். நீ மொபைலில் பிளானைப் பெரிதாக்கிக் காட்டினாய், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு பேருக்கு எதுக்கு மூணு பாத்ரூம், காசு கொட்டிக் கிடக்கா" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். நீ சிரிக்கவில்லை, மொபைலை அணைத்துப் பைக்குள் வைத்தாய். அதற்கு அப்புறம் அதிரசம் நல்லா இருக்கு என்றதைத் தவிர நீ ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் போன அன்று ராத்திரி அம்மா ஒன்று சொன்னாள். இத்தனை வருஷம் சொல்லாததை அன்று சொன்னாள். பத்தாம் வகுப்பு படிக்கிற காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நீ தண்ணீர் குடிக்க மாட்டாயாம். சோற்றைக்கூட ரசம் ஊற்றாமல் சாப்பிட்டுப் படுப்பாயாம். ராத்திரி பொதுக் கக்கூஸுக்குப் போக வேண்டி வந்தால் அம்மாவை எழுப்ப வேண்டும், டார்ச் எடுக்க வேண்டும், சந்து முனையில் கும்பலாக உட்கார்ந்திருக்கிறவன்களைத் தாண்ட வேண்டும். காலையில் டப்பாவோடு வரிசையில் நின்றால் ஸ்கூலுக்கு நேரமாகும். அதனால் குடிக்காமலே இருந்திருக்கிறாய். எனக்கு இது தெரியாது என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை. அந்த வருஷம் உனக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான். வெயில் சூடு, இளநீர் குடி என்று சொல்லி வீட்டில் விட்டுவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்குப் போனதும் நான்.

அந்த வருஷம்தான் ஊரில் வீடு கட்டி முடிந்தது. 1996, தை மாதம் பால் காய்ச்சினோம், மார்ச்சில் பரீட்சை என்று நீ கவலைப்பட்டாய், இரண்டு நாளில் திரும்பினோம். 1,400 அடி வீடு. வள்ளியூர் பக்கம் நம் தெருவில் அவ்வளவு பெரிய வீடு அப்போது கிடையாது. கதவுக்கு மட்டும் தேக்கு வாங்க செங்கோட்டை வரைக்கும் போனேன், கஜலட்சுமி செதுக்கச் சொன்னேன். நீ படிக்க ஒரு மேஜை கேட்டாய், இருக்கிற இடத்தில் மேஜையை எங்கே போடுவது என்று சொல்லி, சுவரில் கீல் வைத்து மடக்குகிற மாதிரி ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். அதை மடக்கினால்தான் ஆச்சிக்குப் படுக்க இடம்.

ஊர் வீட்டில் நான் எத்தனை பாத்ரூம் வைத்தேன் தெரியுமா? இரண்டு. டைல்ஸ் ஒட்டி வைத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை கோயில் கொடைக்குப் பத்து நாள் திறக்கிற வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். நீயும் அம்மாவும் இங்கே வரிசையில் நின்றீர்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு முந்திய வருஷம் என்னோடு வேலை பார்த்த பாலக்காட்டுக்காரர் டோம்பிவிலியில் ஒரு வீடு இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போனோம், உங்கள் இரண்டு பேரையும் ஆச்சியிடம் விட்டுவிட்டு. ஒன் ரூம் கிச்சன், இரண்டரை லட்சம். என்னிடம் ஒன்றரை இருந்தது, மீதியைப் பி.எஃப்.பில் எடுத்திருக்கலாம். அம்மா ஹாலைப் பார்க்கவில்லை, அடுக்களையைப் பார்க்கவில்லை. நேரே போய் பாத்ரூம் கதவைத் திறந்து உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே எனக்குச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும்போது ரயிலில், "நல்லா இருக்கு" என்றாள், அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊரில் அஸ்திவாரம் போட்டாயிற்று, பாதியில் விட்டால் சித்தப்பா என்ன சொல்வான், பங்காளிகள் என்ன சொல்வார்கள், பம்பாய்க்குப் போய் இருபது வருஷத்தில் என்னத்தைக் கட்டினான் என்பார்களே, இதுதான் என் மனதில் ஓடியது. குடும்பம் இருக்கிற இடத்தில் செலவு செய்யாமல் நான் இல்லாத இடத்தில் செலவு செய்தேன்.

அப்புறம் 2003ல் இந்தக் கட்டிடம் வந்தது, 225 அடி, உள்ளேயே எல்லாம். உனக்கு அப்போது 22 வயது. சாவி வாங்கின அன்று நீ ரொம்ப நேரம் குளித்தாய், தண்ணீர் தீர்ந்துவிடும் என்று நான் கதவைத் தட்டினேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் மூன்று பாத்ரூமைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு எத்தனை வேண்டுமோ வைத்துக்கொள். ஆனால் கடன் கடன்தான், அதில் என் கருத்து மாறவில்லை. வேண்டுமானால் மூன்று பாத்ரூம் வை, பெட்ரூமை இரண்டாக்க முடியுமா என்று கேள். மாதம் 88,600 என்பது சின்னத் தொகை இல்லை. ஒரு ஆறு மாதத் தவணையைத் தொடாமல் எஃப்.டி.யில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

சித்தப்பாவிடம் ஊர் வீட்டை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். போன கொடைக்குப் போனபோது பார்த்தேன், அந்தத் தேக்குக் கதவு நன்றாக இருக்கிறது, நிலைச்சட்டத்தில் கீழே ஒரு முழம் கறையான் தின்றுவிட்டது, விரலை வைத்தால் மாவு மாதிரி உதிர்கிறது. இருபது, இருபத்திரண்டு லட்சம் வரும் என்கிறான். சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும், கொஞ்சம் இழுப்பான். ஆனால் பத்திரம் என் பேரில் இருக்கிறது. தம்பியிடம் பேசிவிட்டேன், "அக்காவுக்குக் கொடுங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். அந்தப் பணம் வந்ததும் உன்னிடம் தருகிறேன். வீட்டுக்குப் போடு. அதற்கு முன்னால் எங்கேயாவது ஏதாவது மீட்க வேண்டியது இருந்தால் முதலில் அதை மீட்டுவிடு. வட்டி ஏறக் கூடாது. எங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டாம். அம்மா சீட்டுப் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தது, அவள் கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன் என்கிறாள், மாப்பிள்ளைக்குத் தனியாகச் சாம்பார். பிளானைப் பிரிண்ட் எடுத்து வா, மொபைலில் எனக்குத் தெரியவில்லை. அடியில் எழுதியிருக்கிற அளவெல்லாம் சரியா என்று கூட்டிப் பார்ப்போம். சாயங்காலம் சைட்டுக்குக் கூட்டிப்போனால் நானும் வருகிறேன், கம்பெனியில் வைத்திருந்த இரும்பு டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வரும்போது கையில் எதையும் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று இல்லை. சும்மா வா.

அன்புடன்
அப்பா