ஆவணியில் வரும் நண்பனுக்கு

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கேயும் குறையில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டி முடிய மறுபடியும் புழுதி.

ஆவணியில் குடும்பமாய் வருகிறீர்கள், காயப்பட்ட முன்னாள் போராளிகளுக்குப் பிள்ளைகளின் கையால் ஒரு கௌரவிப்புச் செய்ய விருப்பம் என்று எழுதியிருக்கிறாய். மண்டபம், பொன்னாடை, ஐம்பது பேருக்குச் சாப்பாடு என்று கணக்கும் போட்டிருக்கிறாய். கோவிக்காமல் கேள்: அந்தக் காசை அப்படியே வைத்திரு, விழாவை மட்டும் விடு.

காரணம் சொல்கிறேன். முள்ளந்தண்டு வடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் உன் விழாவுக்கு வருவதென்றால், மண்டபத்தில் சக்கர நாற்காலி போகிற மலசலகூடம் இல்லை என்று தெரிந்து, முதல்நாள் பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். மெத்தை இல்லாத ஓட்டோ சீற்றில் ஒரு மணித்தியாலம் குலுங்கி வருவார். பிறகு பேச்சு முடியும் வரைக்கும் அசையாமல் இருப்பார், மரியாதைக்காக. மூன்று மணித்தியாலக் கூட்டத்தில் வந்த புண் ஆற மூன்று மாதமும் எடுக்கும். அவர் வீட்டுக்கு நீங்கள் போவது எவ்வளவோ மேல். போவதற்கு முன்னம் கேட்டுவிட்டுப் போங்கள். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களுக்குள்ளால் வந்தவர்கள் 12,000 பேர் அளவில், அதில் 2,000க்கு மேல் பெண்கள். 'முன்னாள் போராளி' என்ற பெயரைச் சிலர் பெருமையாய் வைத்திருக்கிறார்கள், சிலர் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அதனால் பெயர்ப்பட்டியல், குழுப்படம், முகநூல் மூன்றும் வேண்டாம். பதிவுள்ள ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் ஊடாகப் போ, பற்றுச்சீட்டுகளைக் கொப்பியில் ஒட்டி வை. கேள்வி கேட்டு ஆட்கள் வந்தால் காட்ட அது போதும், வீட்டுக்காரருக்கும் பயமில்லை.

ஐம்பது பேர் வேண்டாம், இரண்டு வீடு எடு. ஒன்று முள்ளந்தண்டு பாதிப்புள்ளவர் வீடு, மற்றது கால் இழந்தவர் வீடு. ஆவணியில் வேலை தொடங்கி, நீங்கள் போன பிறகு உன் தங்கச்சி குடும்பம் மாதம் ஒருமுறை போய்வரட்டும். காயப்பட்டவர் பெண் என்றால் உடம்பு பார்க்கிற வேலையெல்லாம் பெண்களே செய்ய வேண்டும். உன் மனைவியும் மூத்தவளும் தாதியிடம் முதலே அரைநாள் பழகிக்கொண்டு போகட்டும்.

முதலில் படுக்கைப் புண். சீற் எலும்பு, நாரி முடிவு, இடுப்பின் பக்க எலும்பு, குதிக்கால், கணுக்கால் ஆகிய ஐந்து இடமும் காலையும் இரவும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு. வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் கெடவில்லை. வெளுக்கவே இல்லையென்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம் பாரம் போடவே கூடாது. எங்கள் நிறத்துக்குச் சிவப்புத் தெரியாது. கருநீலம் பாய்ந்த நிறம், புறங்கையால் தொட்டால் சூடு, சுற்றியுள்ள தசையை விட இறுக்கம்: இவைதான் அடையாளம். நாற்காலியில் இருக்கும்போது கால் மணிக்கும் அரை மணிக்கும் இடையில் ஒருமுறை முன்னுக்குக் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பாரத்தை எடுக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், மச்சான். தவறுவது வேறு இடத்தில். பின்பக்கப் பையில் கைபேசி. ஜீன்ஸின் தடித்த தையல். வேர்வையை உள்ளே பூட்டி வைக்கிற றெக்சின் உறை. நல்ல மனதோடு யாரோ வாங்கிக் கொடுத்த வளையக் குஷன். அந்த வளையம் சுற்றிவர இரத்த ஓட்டத்தை நெரித்து நடுவில் புண்ணை வளர்க்கும், கண்டால் எடுத்து வெளியே போடு. நாற்காலியில் போடுகிற பஞ்சு மெத்தை எங்கள் வெயிலுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆள் இருக்கும்போது சீற் எலும்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார். எலும்புக்கும் கைக்கும் இடையில் ஒரு அங்குலத் தடிப்பாவது இல்லையென்றால் அந்த மெத்தை முடிந்தது.

புண் இருந்தால் கழுவ உப்புத்தண்ணீர் போதும். கொதித்து ஆறின ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாய் ஒன்றரைத் தேக்கரண்டி, அன்றன்றைக்குப் புதிதாய். டெற்றோல், மஞ்சள்தூள், வேப்பிலை அரைப்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. புதிதாய் வளர்கிற மென்சதையை டெற்றோல் எரித்துவிடும். எலும்பு தெரிந்தாலோ மணம் வந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ வீட்டில் மருந்து கட்டிக்கொண்டு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது சலம், அதாவது சிறுநீர். குழாய் விட்டு எடுக்கிறவர்களுக்கு நாலு மணியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் சேர விடாமல் எடுக்க வேண்டும். மாதத்துக்கு 120இலிருந்து 180 குழாய் என்று கணக்கு வரும். அவ்வளவு கிடைக்காமல் ஒரே குழாயைக் கழுவிக் கழுவிப் பாவிக்கிற வீடுகள்தான் கூட. நீ அனுப்புகிற காசின் முதல் செலவு இதுவாய் இருக்கட்டும். நிரந்தரமாய்க் கதீற்றர் (சலக்குழாய்) போட்டிருந்தால் சலப்பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக்கூடாது. ஓட்டோவில் ஏற்றும்போது உதவி செய்கிறவர் பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுவார், சலம் திரும்பி உள்ளே போய்க் காய்ச்சல். எங்கள் கிணத்துத் தண்ணீர் கல்லு நீர் வேறு. ஆஸ்பத்திரித் தடை இல்லையென்றால் நாளுக்கு இரண்டு லீற்றராவது குடிக்காவிட்டால் குழாய் நுனியில் சுண்ணாம்பு படிந்து அடைக்கும்.

இதை மட்டும் உன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடு: நெஞ்சின் 6ஆம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை இடிப்பது, முகம் சிவந்து காயத்துக்கு மேலே வேர்ப்பது சும்மா தலையிடி இல்லை. கீழே எங்கேயோ ஒரு தொல்லை, உடம்பு பிறசரை ஏற்றுகிறது. படுக்க வைக்காதே, நிமிர்த்தி இருத்து. இடுப்புப்பட்டியைத் தளர்த்து. குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார். பெரும்பாலும் அதிலேயே தீரும். தீராவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடு, அம்புலன்ஸ் இலவசம். சின்ன ஆஸ்பத்திரியில் புதிதாய் வந்த வைத்தியருக்கு இது உடனே பிடிபடாமலும் போகலாம். அதனால் காயத்தின் மட்டம், வழமையான பிறசர் எண், ஒவ்வாத மருந்து மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதின ஒரு அட்டையை நாற்காலியில் கட்டிவிடுங்கள். உன் மூத்தவளுக்கு எழுத்து வடிவு, அவள் வேலை அது.

இனி உனக்குப் பிடித்த சீமெந்து வேலை. வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பின வேகத்தில் வாசலில் படி வைத்தார்கள், சாய்தளத்தை மறந்துவிட்டார்கள். வைத்த இடங்களிலும் மேசன்மார் மோட்டார் சைக்கிள் ஏறுகிற சரிவுக்குத்தான் வைத்தார்கள். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: அத்திவாரம் ஒரு அடி உயரம் என்றால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம். ஒன்றரை அடி என்றால் பதினெட்டு அடி; வளவு போதாவிட்டால் நடுவில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டுத் திருப்பு. மேலே கதவடியிலும் அதே அளவு சமதளம் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கையால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னுக்கு உருளும். அகலம் மூன்றடிக்குக் குறையக்கூடாது, நாலடி நல்லது. இரு பக்கமும் நாலு அங்குலம் உயர்த்தி வரம்பு கட்டு, முன்சில்லு வெளியே இறங்காது.

பன்னிரண்டடி நீளம், நாலடி அகலத்துக்குக் கிரவல் கால் கியூப், அதாவது 25 கன அடி பிடிக்கும். இடிக்க இறங்கும், கொஞ்சம் கூடவே எடு. ஆறு அங்குலப் படையாய்ப் போட்டுத் தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். வெடிப்பு வருவது இந்த இடத்தில்தான். ஒரே நாளில் கொட்டி மேலே கொங்கிறீற் போட்டால் கார்த்திகை மழையோடு உள்ளே மண் இறங்கி, தளம் நடுவில் பிளந்துவிடும். மேலே மூன்று அங்குலக் கொங்கிறீற், சீமெந்து, மணல், கல்லு 1:2:4. தளத்துக்கு மட்டும் இரண்டரைப் பை சீமெந்து. பக்கச்சுவரும் வரம்பும் வேறு கணக்கு. மேசன் மினுக்கி விட ஆசைப்படுவார், விடாதே. ஈரம் இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்தால் மழையில் சில்லு வழுக்காது. ஏழு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவணி வெயிலுக்குக் காலையும் மாலையும் போதாது, மத்தியானமும் ஒருக்கால். சின்னவனுக்கு அந்தப் பொறுப்பைக் கொடு, வாளியோடு ஏழு நாளும் போய்வர அந்த வீட்டோடு ஒட்டிவிடுவான். உபயகாரர் பெயரைக் கல்லில் வெட்டிச் சாய்தளத்தில் பதிக்கிற பழக்கம் ஒன்று இப்போது இருக்கிறது. நீ செய்யமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

கதவின் இடைவெளி 32 அங்குலம் இருக்கிறதா என்று முதலே அள. மலசலகூடத்தின் கதவு பெரும்பாலும் 24தான். அதை மாற்றாமல் வாசலில் மட்டும் சாய்தளம் கட்டினால் பாதி வேலை. கொமேட் 18 அங்குல உயரம், கைபிடிக் குழாய் 33இலிருந்து 36 அங்குலத்துக்குள், சுவரில் துளைத்து இறுக்கியது. பொருக்குப் பூச்சில் ஆணி அடித்த கைபிடி முதல் தரம் பாரம் போடவே கழன்று வரும்.

சக்கர நாற்காலியைக் கொள்கலனில் அனுப்ப யோசிக்காதே. வருகிறவை அநேகமாய் ஆஸ்பத்திரிக் கதிரை, 18 அங்குல சீற். மெலிந்த ஆள் அதில் ஒரு பக்கம் சரிந்தே இருந்து முதுகு வளைந்து போவார். இடுப்பகலத்தை விட ஒரு அங்குலம்தான் கூட இருக்கலாம். சீற் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு விரல் கடை. ரயர் அளவு இங்கே சைக்கிள் கடையில் ரியூப் கிடைக்கிற அளவா என்றும் பார்க்க வேணும். இருக்கிற நாற்காலியைத் திருத்துவது பல வேளை போதும். முன்சில்லு அச்சில் மயிரும் செம்மணலும் சுற்றி இறுகிவிடும், மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கிறீஸ் வை.

கால் இழந்தவர் வீட்டில் வேலை குறைவு, கவனம் வேறு. எஞ்சிய காலைக் கழுவுவது இரவில். காலையில் கழுவி ஈரத்தோடு பொய்க்காலுக்குள் விட்டால் தோல் ஊறி உரசும். பொய்க்காலுக்குள் போடுகிற துணி உறையைத் தினம் மாற்ற வேண்டும், ஒருவருக்கு ஆறு உறையாவது. வருசம் போகப்போக எஞ்சிய கால் மெலியும், உறை மேல் உறை போட்டுச் சமாளிப்பார்கள். மூன்று நாலு உறை போட்டும் தளர்கிறது என்றால் எஞ்சிய கால் நுழைகிற கிண்ணத்தையே புதிதாய் வார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து பொய்க்கால் செய்கிற ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வந்து ஆனையிறவு தாண்டிப் போக ஒரு நாள் கூலி போய்விடும், அளவெடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை. பலர் வெடித்த காலோடு நாளைக் கடத்துவது இதனால்தான். உன் வாடகை வான் இரண்டு நாள் இந்த ஓட்டம் ஓடினால் அது பொன்னாடையை விடப் பெரிது. வயல் சேற்றில் இறங்குகிறவருக்குப் பாதத்து இறப்பர் குதியிலும் விரலிலும் வெடிக்கும். தண்டு பிளாஸ்ரிக் குழாய், அடுப்படியில் சாத்தி வைத்தால் வளையும்.

உடம்பில் எறிகணைத் துண்டு இருக்கிறவர்கள் கனபேர். எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் அதை முதலே சொல்ல வேண்டும், இரும்பு என்றால் காந்தத்தில் அசையும். அட்டையில் அதையும் எழுதச் சொல். மாங்குளம் ஆஸ்பத்திரியில் புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது, கிளினிக் கொப்பியோடு போனால் இயன்மருத்துவர் பார்ப்பார். பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காமலே இருக்கிறவர்களும் உண்டு; அடையாள அட்டை, வைத்தியச் சான்று, விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்க உன் மனைவிக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

கோழி, ஆடு கொடுக்கிற யோசனையை இப்போதைக்கு விடு. வேலி, கூடு, ஊசி போட ஆள் மூன்றும் இல்லாமல் கொடுத்தது மாரிக்கு மிஞ்சாது.

பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லி வை. நாற்காலியைக் கேட்காமல் தள்ளக்கூடாது. "எப்படிக் காயம்?" என்று கேட்கக்கூடாது, அவராய்ச் சொன்னால் இருந்து கேட்கலாம்.

வரும்போது பொய்க்காலுக்கான பருத்தி உறை பன்னிரண்டு, நல்ல மெத்தை ஒன்று, நீளம் அளக்கிற நாடா ஒன்று கொண்டு வா. மெத்தை வாங்க முதல் இடுப்பளவு அனுப்புகிறேன், வருகிற கிழமை சங்கத்து ஆட்களோடு போய் அளக்கிறேன். சீமெந்து விலை ஏறுகிறது, ஐந்து பை எடுத்து வைக்கவா என்று உடனே எழுது.

அம்மாவைக் கேட்டதாய்ச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்