சேலத்துப் பட்டறைக்காரர்களுக்கு: பிள்ளைகளின் வண்டியையும் அளவெடுத்துச் செய்யுங்கள்

சேலத்துத் தச்சர்களுக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும் தையற்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் என் பேத்திக்கு ஒரு நடைவண்டி வாங்கினோம். பளபளக்கும் பச்சை வண்ணம், முன்னால் ஒரு கிளி. பிள்ளை கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் வண்டி அவளை விட்டுவிட்டு ஓடியது. குப்புற விழுந்ததில் உதடு கிழிந்துவிட்டது.

அவளைத் தேற்றியபின் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தை விரலால் தட்டினால் நிற்காமல் சுற்றியது. லாரிக்கு அது நல்ல குணம். நடை பழகும் பிள்ளைக்கு ஆகாது. என் தம்பி நடை பழகிய வண்டியில் மரச் சக்கரம் மர அச்சில் உரசிக் கிறீச்சிட்டபடியே உருளும். தள்ளினால்தான் நகரும். அந்த உரசல்தான் வண்டியைப் பிள்ளையின் வேகத்துக்குள் பிடித்து வைத்திருந்தது. இன்னொன்றும் கண்டேன்: புது வண்டியின் கைப்பிடி பின் அச்சையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துப் பிள்ளை எழும்போது வண்டி அவள்மேலேயே சாய்கிறது. அச்சைக் கொஞ்சம் இறுக்கி, கைப்பிடியை நான்கு விரற்கடை முன்னே தள்ளியிருந்தால் அவள் உதடு தப்பியிருக்கும். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவதற்கென்றே ஒரு பருவம் வகுத்தவர்கள் நாம். அந்தத் தேரைச் செய்யும் கை அசட்டையாக இருக்கலாமா?

வண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடியைக் கடிக்காத பிள்ளை கிடையாது. வீட்டுக்கு அடிக்கும் வண்ணத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலை வண்ணங்கள் அந்த விதிக்குள் வராது. ஆகவே லாரிக்கு அடித்து மிஞ்சிய டப்பாவைப் பிள்ளையின் வண்டிக்குத் திறக்காதீர்கள். மரத்தை வழவழப்பாக இழைத்து அப்படியே விட்டாலும் அழகுதான்.

வெல்டிங் பட்டறைக்காரர்களே, 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்திப் போனார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுதான் முதல் சைக்கிளாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியட்டும். பழைய சைக்கிள் குழாயில் ஒருநாள் வேலை இது.

தையற்காரர்களிடம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் அவசரம். ஏற்காட்டு மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு ஸ்கூட்டரைப் பார்த்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு வயதுப் பிள்ளை, இடுப்பில் துப்பட்டா முடிச்சு. பிள்ளை தூங்கிவிட்டது. வளைவில் திரும்பும்போது அதன் தலை அப்பாவின் முழங்கையைத் தாண்டி, எதிரே இறங்கிவரும் பஸ்ஸின் பக்கம் தொங்கியது. அந்தத் தாய் அன்பில்லாதவள் அல்ல; அவளிடம் இருந்தது துப்பட்டா மட்டும்தான். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் விதி வந்தது. அந்தப் பட்டை 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கெட்டியான நைலான், உள்ளே பஞ்சணை, வளரும் உடம்புக்கு ஏற்ப இறுக்கித் தளர்த்தும் கொக்கி. இதற்கு வேண்டிய தையல் உங்கள் விரலில் இருக்கிறது. விதியை ஒருமுறை படித்துவிட்டு வெட்டுங்கள்.

அளவெடுக்கப் பிள்ளை வேண்டுமென்றால் சொல்லுங்கள். பேத்தியையும் அந்தப் பச்சை வண்டியையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு பாட்டி