கொழிஞ்சாம்பாறையிலிருந்து விஜிக்கு

அன்புள்ள விஜி,

மாங்காய் சீசன் முடியட்டும் என்று உனக்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். "உங்க கேரளாவுல சாதியெல்லாம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு, உனக்கென்னடி" என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். வைக்கம் போராட்டம் 1924, கோயில் நுழைவு 1936, எல்லாம் சரிதான். ஆனால் அது திருவிதாங்கூர்; பாலக்காடு பக்கம் இருக்கிற எங்கள் சித்தூர் தாலுகா அன்றைக்குக் கொச்சி சமஸ்தானம். அதை விடு. 2017-ல் இங்கே பக்கத்திலேயே, கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், டீக்கடையில் தனி டம்ளர், தண்ணீர் பிடிப்பதிலும் பாகுபாடு என்று சக்கிலியர் மக்கள் புகார் சொன்னது பேப்பரில் வந்ததே, பார்க்கவில்லையா? அந்தப் புகாரில் எதிர்த்தரப்பு என்று சொல்லப்பட்டவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

பாலக்காடு பஸ்ஸில் என் மலையாளத்தைக் கேட்டு யாராவது 'பாண்டி' என்று, தமிழர்களை இங்கே இளக்காரமாகச் சொல்கிற அந்த வார்த்தையை, முணுமுணுத்தால் ஊர் வந்து சேரும்வரை எனக்கு வயிறு எரியும். அதே நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது, என் அப்பா வயதில் ஒருவர் என்னைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, நான் தாண்டிப் போகும்வரை நிற்கிறார். அதை இங்கே யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம், அசாம்காரரோ ஒடிசாக்காரரோ, தோப்பில் வேலை செய்கிற எல்லோருமே நம் ஆட்களுக்குப் 'பெங்காலி'தான். பாண்டி என்றால் கோபித்துக்கொள்கிற அதே வாய்!

போன மாதம் மாடி வீட்டை வாடகைக்கு விட்டோம். கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிற பையனும் அவன் மனைவியும் பார்க்க வந்தார்கள். என் மாமியார் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, ரொம்ப அன்பாக, "சொந்த ஊர் எதுங்க கண்ணு? எந்த வீதி? குலதெய்வம் யாருங்க?" என்று கேட்டார். சாதி என்ற பேச்சே இல்லை, பார்த்தாயா. அந்தப் பையன் ஒரு நொடிகூட யோசிக்காமல், "நாங்க காலனிங்க பாட்டி. வீடு இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, இன்னும் ரெண்டு இடம் பார்க்கணும்" என்றான். குரலில் கோபமே இல்லை. எத்தனை வாசலில் சொல்லிப் பழகியிருந்தால் அப்படி வரும்! அவன் மனைவி அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் என்னிடம் யாரும் குலதெய்வம் கேட்டதில்லை. மாமனார் பெயரைச் சொன்னால் போதும், கடன்கூடக் கிடைக்கும். அதை நான் சம்பாதிக்கவில்லை, கல்யாணத்தோடு வந்தது. திருச்சூரில் ஹாஸ்டல் கிடைக்காமல் அலைந்த கதையை மட்டும் இன்றைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாவியை அன்றே கொடுத்துவிட்டேன். மாமியார் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார், ஆனால் அவள் டீ போட்டுக் கொண்டுவந்தால் "இப்பத்தான் கண்ணு குடிச்சேன்" என்பார். திருந்திவிட்டார் என்று உனக்கு எழுத ஆசைதான்!

உங்கள் அபார்ட்மெண்டில் வேலைக்கு வரும் அக்காக்கள் தனி லிஃப்டில்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். அசோசியேஷனில் இருக்கிறவள்தானே நீ, இந்த விதியைப் போட்டது யார், எந்த மீட்டிங்கில் என்று மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுது.

உன்,
மல்லிகா