லெவன்வொர்த்துக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கயல்,

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை உன் நாய் பழுப்பனையும் கூட்டிக்கொண்டு சியாட்டிலிலிருந்து மலைக்கு அப்பால் இருக்கும் லெவன்வொர்த் ஊரின் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போய் வா, ஆனால் நாளை மாற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரயிறுதிகளில் ஃபிரண்ட் தெருவில் நிற்கக்கூட இடம் இருக்காது. பழுப்பனின் உயரத்தில் தெரிவதெல்லாம் பூட்ஸ் கால்களும் தள்ளுவண்டிச் சக்கரங்களும்தான். விளக்குகளை பிப்ரவரி வரை கழற்றமாட்டார்கள். பொங்கலை ஒட்டி ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடு. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை விடுமுறையோடு வரும் வாரயிறுதியும் கூட்டம்தான், அது வேண்டாம்.

2-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 120 மைல். நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேரம் ஆகும். நடுவில் ஸ்டீவன்ஸ் கணவாய், 4,061 அடி உயரம். டயரின் பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் (சேறு, பனிக்கு ஏற்றது என்ற குறி) எழுத்தோ, மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரையோ இருக்கிறதா பார். டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானாலும் டிக்கியில் சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலி இருக்கட்டும். சங்கிலி கட்டாயம் என்று பலகை போட்டுவிட்டால் அது இல்லாமல் மேலே போகக் கூடாது. வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகு. மாட்டியபின் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்களுக்குத்தான் சங்கிலி தளர்ந்து சக்கர வளைவில் அடிக்கிறது. கணவாய்க்கு அப்பால் டம்வாட்டர் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு பயத்தால் சாலையை மூடினால், சம்ஸ்டிக் வழியாகச் சுற்றிவிடுவார்கள். வழி நெடுக வளைவுகள் என்பதால், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பழுப்பனுக்குச் சாப்பாட்டை முடித்துவிடு. வயிறு நிறைந்திருந்தால் வாந்திதான். பின்சீட்டில் மார்புப் பட்டையோடு கட்டு.

இப்போது முக்கியமான விஷயம். அவனுக்குச் சிப்பிப்பாறை நாய் மாதிரி ஒட்டிய வயிறு, குட்டை ரோமம். தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. ஜனவரியில் அங்கே பகலிலேயே குளிர் பூஜ்யம் டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். வயிற்றையும் மூடும் கோட்டு வேண்டும், முதுகை மட்டும் மூடுவது போதாது. இருபது நிமிடம் நடை, பிறகு வண்டிக்குள் சூடு என்று மாற்றி மாற்றிக் கொடு. நடுக்கம், ஒவ்வொரு காலாகத் தூக்குவது, நடை தளர்வது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அப்போதே திரும்பு. காது நுனியும் வால் நுனியும் முதலில் விறைக்கும். விறைத்த இடத்தைத் தேய்க்காதே, வெந்நீரும் ஊற்றாதே. போர்வையில் சுற்றி மெல்லச் சூடாக்கு.

நடைபாதையில் பனி உருகப் போடும் உப்பு பாதத்தை எரிக்கும், அதை நக்கினால் வயிறும் கெடும். பூட்ஸ் போடுவதானால் ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கு. இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரல்களை இன்னும் சீக்கிரம் விறைக்க வைக்கும், அதனால் பத்து நிமிடத்தில் ஒருமுறை கழற்றிப் பார். பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள். ஒரு பங்கு குடிக்க, மீதி கால் கழுவ. கழுவியதும் விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்க வேண்டும். வண்டிகள் நிற்கும் இடத்தில் பச்சையாகத் தேங்கிய தண்ணீரில் வாய் வைக்க விடாதே. அது வண்டியிலிருந்து ஒழுகிய ரேடியேட்டர் திரவமாக இருக்கலாம்; அது இனிக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும்.

தின்பண்டத்திலும் கவனம். ஜெர்மன் பண்டிகை ரொட்டியில் உலர்திராட்சை இருக்கும், சாக்லேட் எங்கும் கிடைக்கும். இரண்டும் நாய்க்கு விஷம். சாசேஜில் வெங்காயமும் கொழுப்பும் இருக்கும். குழந்தைகள் கீழே போட்டதைத் தின்பதுதான் வழக்கமாக நடப்பது, ஆகவே நீளும் கயிறு வேண்டாம், ஆறடிக் கயிறு போதும். ஃபிரண்ட் தெருப் பூங்காச் சரிவில் பிள்ளைகள் சறுக்குவார்கள். ஓடுவதைத் துரத்தும் இனம் இவன், அந்தப் பக்கம் போகாதே. வெனாச்சி ஆற்றங்கரையில் நடக்கலாம், ஆனால் பனிச்சறுக்குக்காகச் சீர்செய்த தடத்தில் நாயை விடுவார்களா என்று பலகையைப் படித்துவிட்டு இறங்கு. ஓரத்துப் பனிக்கட்டி மெல்லியது, தண்ணீர் வேகம்.

பாக்குவெட்டி போலக் கொட்டை உடைக்கும் மரப்பொம்மைகளை வைத்திருக்கும் நட்கிராக்கர் அருங்காட்சியகம் உனக்குப் பிடிக்கும். அவனை வண்டியில் தனியே விட்டுப் போகாதே. எஞ்சின் அணைத்த வண்டி சீக்கிரமே ஐஸ்பெட்டி ஆகிவிடும். தோழியை அழைத்துப் போய் மாறி மாறிப் பாருங்கள். ரயில் நிர்வாகம் வெனாச்சி நகருக்கு மாறிய பின் தேய்ந்துபோன ஊர் லெவன்வொர்த், 1960-களில் கடைமுகப்புகளைப் பவேரிய பாணிக்கு மாற்றிப் பிழைத்தது. அந்த மர வேலைப்பாடுகளைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துவிடு.

நாலரைக்கு இருட்டத் தொடங்கும். விளக்கை அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஐந்தரைக்குள் கிளம்பு, பகலில் உருகிய சாலை இரவில் கண்ணாடியாக உறையும். முன்னதாகவே மாநில சாலைத்துறையின் கணவாய் அறிவிப்பைப் பார். கணவாய் மூடியிருந்தால் அங்கேயே நாயை அனுமதிக்கும் அறை எடுத்துத் தங்கு, அதற்காக ஒருநாள் கூடுதல் தீனி எடுத்து வை. வீடு திரும்பியதும் அவன் பாதத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா