இத்தாலியில் கொஞ்சம் குனிந்தும் பார்

அன்புள்ள கதிர்,

ஏப்ரலில் நீயும் மீனாவும் ம்யூனிக்கிலிருந்து காரிலேயே இத்தாலி போகப்போவதாக அப்பா சொன்னார். உன் பட்டியலையும் பார்த்தேன்: ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். சரி, பார்க்க வேண்டியவைதான். அவற்றைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் பொதுப்பணித் துறையில் மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டியவள். போன வருஷம் அப்பா கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் என் கண் தரையில்தான் இருந்தது.

பைசாவில் கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி போட்டோ எடுப்பார்கள். நீயும் எடுத்துக்கொள், மீனா விடமாட்டாள். ஆனால் அங்கே விஷயமே அடிமண்தான். 1173-இல் தொடங்கிய வேலை, மூன்றாவது மாடியோடு நின்று ஏறக்குறைய நூறு வருஷம் கிடப்பில் கிடந்தது. நின்றதே நல்லதாய்ப் போயிற்று. அந்த இடைவெளியில் கீழே இருந்த களிமண் நீர் வடிந்து இறுகியது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அன்றே கவிழ்ந்திருக்கும் என்பது மண் பொறியாளர்களின் கணக்கு. பிறகு கட்டியவர்கள் சாய்வைச் சரிக்கட்ட ஒரு பக்கத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். தள்ளி நின்று பார், கோபுரம் லேசாக வாழைப்பழம் போல வளைந்திருக்கும்.

1990-இல் ஆபத்து என்று மூடிவிட்டார்கள். சாய்ந்த பக்கம் முட்டுக் கொடுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் எதிர்ப்பக்கம், வடக்கு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். கோபுரம் தானாக அந்தப் பக்கம் இறங்கி உட்கார்ந்தது. உச்சி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் பின்னுக்கு வந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். முழுக்க நேராக்காமல் விட்டார்கள் பார், அதுதான் கெட்டிக்காரத்தனம். நேராகிவிட்டால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஃப்ளாரன்ஸிலிருந்து ரோமுக்குப் போகிற வழியிலேயே ஓர்வியெத்தோ வரும். எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் இங்கேதான் தப்பி வந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று கிணறு வெட்டச் சொன்னார். ஆழம் 50 மீட்டருக்கும் மேல். கிணற்றைச் சுற்றி இரண்டு சுழல்வழிகள், ஒன்றையொன்று தொடாமல். தண்ணீர் எடுக்கக் கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறின, நடுவழியில் மோதிக்கொள்ளும் பேச்சே இல்லை. வெளிச்சத்துக்கு 70 ஜன்னல்கள். படிகள் 248. அப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டார், நான் விடாமல் இறங்கிப் பார்த்தேன்.

பக்கத்தில் சிவிதா தி பாஞோரேஜோ என்று ஒரு குட்டி ஊர். அடியிலிருக்கும் களிமண் சரிந்துகொண்டே வருகிறது, போக வர ஒரே நடைபாலம். எனக்குப் பாலத்தில் நின்று பார்த்ததே போதுமாயிருந்தது. உள்ளே கூட்டம்தான்.

கார் என்பதால் ஒன்று. பழைய ஊர்களின் வாசலில் சிவப்பு வட்டம் போட்டு 'இசட்.டி.எல்.' என்று பலகை இருக்கும், வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி என்று அர்த்தம். அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா பிடித்துவிடும், அபராதம் பிறகு வீடு தேடி வரும். வெளியே நிறுத்திவிட்டு நட. அப்புறம், சின்ன ஊர்களில் நிறைய தேவாலயங்கள் மத்தியானம் பூட்டிக் கிடக்கும். காலையிலேயே போய்விடு.

கடைசியாக மத்தேரா. தெற்கே ரொம்பத் தூரம், தெரியும். பாறையில் குடைந்த வீடுகளில் மனிதர்களும் கால்நடைகளும் ஒன்றாக வாழ்ந்த ஊர். 1952-இல் சட்டம் போட்டு சுமார் 15,000 பேரை வெளியேற்றினார்கள். 1993-இல் அதே குகைகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின, இன்று ஓட்டல்களாக இருக்கின்றன. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஊரின் பெரிய சதுக்கத்துக்கு அடியில் பலோம்பாரோ லுங்கோ என்று ஒரு நீர்த்தொட்டி, சுமார் 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். சுவரில் பூசியிருப்பது உடைத்த மண்பாண்டத் தூளும் சுண்ணாம்பும். நம் முல்லைப் பெரியாறு அணைக்குப் போட்ட சுர்க்கிக்கு, அதாவது செங்கல் தூள் சேர்த்த சுண்ணாம்புக் காரைக்கு, நெருங்கிய சொந்தம்! நான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்க, வழிகாட்டிப் பெண் எல்லாரையும் நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெனிஸில் ஒரு நாளைக் குறைத்தாலும் மத்தேராவுக்கு நாள் போதாதுதான். விமானத்தில் பாரி போய் அங்கிருந்து ரயில் ஏறினால் தனிப் பயணமாக முடித்துவிடலாம். மீனாவைக் கேட்டுச் சொல். அவளைத் தட்டையான செருப்பு போட்டுக்கொள்ளச் சொல், எல்லாம் கல் பாவிய தெருக்கள்.

அன்புடன்,
அம்மா