படிவம் நிரப்பியாயிற்று, அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் பிள்ளைகளின் மனநலத்தை ஆராய வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாய்மார் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் அம்மம்மாவோடு. அதனால் ஆராய விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

போன தவணை என் மகளின் வகுப்புக்கும் ஒரு குழு வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'ஒருபோதும் இல்லை', 'சில வேளை', 'அடிக்கடி' என்று மூன்று கட்டங்கள். தூக்கம் வருகிறதா, வீட்டில் அடிக்கிறார்களா, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறதா. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்ததால் மகள் கையால் மறைத்துக்கொண்டு புள்ளடி போட்டாளாம். பெயர் எழுதத் தேவையில்லை, இரகசியம் என்றார்களாம். சரி, இரகசியம் வேண்டியதுதான். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு 'அடிக்கடி' என்று போட்ட பிள்ளை யார் என்று தெரிய வழியே இல்லாமல் தாள்களைக் கட்டிக்கொண்டு போவது என்ன நியாயம்? அன்றைக்கு ஓர் உளவளத்துணையாளரையும் கூட்டி வந்து, பேச விரும்புகிறவர்கள் இடைவேளையில் வரலாம் என்று சொல்லியிருக்கலாமே. பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார்தான், பாவம், அவர் கணிதமும் படிப்பிக்கிறார்.

முடிவு என்ன என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். பாடசாலைக்கு ஒரு பக்கம்கூட வரவில்லையாம். யாரோ ஒருவருக்குப் பட்டம் கிடைத்திருக்கும், சந்தோஷம்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியபோதே, சிறுவர் பாதுகாப்பு பற்றிய ஆய்வுகளை ஒருங்கிணைப்பதும் அதன் பணி என்று எழுதிவைத்தது. ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை ஏற்றது 1991இல். பிள்ளையின் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டால் மதிப்புக் கொடுத்ததாகிவிடுமா? அனுமதி கொடுக்கிற கல்வி அதிகாரிகள் ஒரு நிபந்தனை போடட்டும்: முடிவுகளைச் சுருக்கமாகத் தமிழில் பாடசாலைக்கும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் கொடுக்காதவருக்கு அடுத்த முறை அனுமதி இல்லை.

அதுவரைக்கும் ஒன்றாவது செய்யுங்கள். அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 ஆகிய இரண்டு உதவித் தொலைபேசி இலக்கங்களையும் படிவத்தின் கடைசித் தாளில் பெரிதாக அச்சடித்து, அந்தத் தாளை மட்டும் பிள்ளைகள் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். அச்சுச் செலவு ஒன்றும் பெரிதாக வராது.

ஒரு தாய்,
கொழும்பு 13